இறங்காத அம்மாவும் அரியாங்குப்பம் டெம்போவும்

பாடகியாகப் புதுச்சேரியில் கால் வைத்த நான் முதலில் செய்த காரியம் தும்மியது. ஒன்றிரண்டு இல்லை, அடுக்குத் தும்மல். என்னை வரச்சொல்லியிருந்த இசை நிறுவனம் உழவர்கரையில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிய நேரம் பார்த்து, கீழே யாரோ கல்யாண வீட்டுக்கு மூட்டைக் கணக்கில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கிள்ளான் பொண்ணா? வா வா. மூக்க மூடிக்கோ, பேச வேணாம். தொண்ட கெட்டுப்போச்சுனா நாளைக்குப் பாட முடியாது" என்று ஓர் அம்மாள் ஈரத்துண்டை நீட்டினார். அவர்தான் செலின் அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு 'நண்டுக்கால் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்து இந்தக் கடையை நடத்துகிறார். சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. பாடகர்களின் பெயர் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். திங்கள் அரிசி, செவ்வாய் மிளகாய், புதன் மஞ்சள் என்று மில்லின் அட்டவணை. இவர்களுடைய ஒலிப்பதிவெல்லாம் அதற்கு இடைவெளியில்தான்.

நான் மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. வயது முப்பத்தாறு. பதினைந்து வருடங்களாகக் கல்யாண விருந்துகளில் அடுத்தவர் பாட்டைப் பாடி வருகிறேன். நான் பாடும்போதுதான் எல்லாரும் பிரியாணிக்கு வரிசையில் நிற்பார்கள். சொந்தமாக எழுதி மெட்டுப் போட்டது இரண்டே பாட்டு. கைத்தொலைபேசியில் பாடி, கண்ணை மூடிக்கொண்டு இவர்களுக்கு அனுப்பினேன். "ரெண்டும் கேட்டோம். ரெண்டையும் பதிவு பண்ணலாம், ஒண்ணத்தான் வெளியிடுவோம். வாங்க" என்று பதில் வந்தது. அன்று ஆபீசில் நான் போட்ட கூச்சலில் மேலாளர் கப்பல் ஏதோ கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தார்.

ஆளுக்கு வருடத்துக்கு ஒரு பாட்டு என்பது இங்கே சட்டம். "ஒரு பாட்டுனா நாங்க ரெண்டு பேரும் அதத் தூக்கிகினு ஊரெல்லாம் அலைய முடியும். ரெண்டுனா ரெண்டும் பாதியில நிக்கும்" என்றார் செலின் அக்கா. ஒப்பந்தம் ஒரே பக்கம், தமிழில். பாட்டு உன்னுடையது, நாங்கள் அதைச் சுமந்து செல்கிறவர்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். கப்பல் கம்பெனியில் பதினோரு வருடம் காகிதம் புரட்டியவள் நான். இத்தனை சின்ன, இத்தனை நேர்மையான காகிதத்தைப் பார்த்ததில்லை.

இரண்டு பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று 'ரம்புத்தான் ராணி'. சாலையோரம் ரம்புத்தான் பழம் விற்கும் பெண்ணைப் பற்றிய துள்ளல் பாட்டு. எழுத அரை மணி நேரம் ஆனது. மற்றது 'கம்பெனி பஸ்'. அதை ஆறு வருடம் எழுதினேன். என் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். காலையில் கம்பெனி பஸ் எங்கள் சிம்பாங்கில் நிற்கும். முச்சந்தியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பள்ளி உடுப்போடு நான் அங்கே நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அம்மா இறங்கவில்லை. பாட்டு அதைப் பற்றித்தான். எல்லாரும் இறங்குவார்கள், கதவு மூடும், பஸ் நகரும், பாட்டு முடிந்துவிடும்.

நான் புதுச்சேரிக்கு வந்தது 'கம்பெனி பஸ்'ஸுக்காக. ரம்புத்தான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்த தாய் நான்.

மறுநாள் காலை பசியாறச் செலின் அக்கா ரொட்டி வாங்கி வந்தார். முழங்கை நீளம், வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதைப் பிய்த்து முதல் நாள் மீன் குழம்பில் தோய்த்துத் தின்றோம். எங்கள் ஊர் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குப் பரம்பரை எதிரியாக இருக்க வேண்டியது, எனக்கு ஒரே வாயில் சொந்தமாகிவிட்டது. டீ மட்டும் ஏமாற்றம். கிள்ளானில் ஒரு கோப்பை டீயை வைத்துக்கொண்டு ஒரு குடும்பச் சண்டையையே பேசித் தீர்க்கலாம். இங்கே கண்ணாடி டம்ளரில் மூன்று மடக்கு, அதற்குள் தீர்ந்துவிடுகிறது. நான் மூன்று டீ குடித்ததைப் பார்த்துக் கடைக்காரர், "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார்.

அன்று மஞ்சள் அரைக்கும் நாள். மில் மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். பிறகு மாலை வரை எங்கள் ராஜ்யம். ஒலிப்பதிவாளர் பாபு ஒல்லியான, பேசாத மனிதர். சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டியிருந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் 'கம்பெனி பஸ்'ஸைப் பாட ஆரம்பித்ததும் கையைத் தூக்கினார்.

"கல்யாணத்துக்குப் பாடுற மாதிரி பாடுறீங்க. பிரியாணி சத்தத்த தாண்டணும்னு கத்துறீங்க. இங்க பிரியாணி இல்ல. நான் மட்டுந்தான் கீறேன். எனக்கு மட்டும் சொல்லுங்க."

பதினைந்து வருடப் பழக்கம் ஒரே நிமிடத்தில் போகுமா? பத்தொன்பது தடவை பாட வைத்தார். இருபதாவது தடவை, 'அம்மா எங்கே' என்ற இடத்தில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பாபு தலையைத் தூக்காமலே கட்டை விரலைக் காட்டினார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. மெத்தை சரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். ரம்புத்தானை அதற்குப் பிறகு இரண்டே தடவையில் எடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள்தான் பரீட்சை. இணையத்தில் போட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவார்கள் என்று நினைத்திருந்தேன். செலின் அக்கா கையில் ஓர் அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, "அலோர், டெம்போவுக்குப் போலாம்" என்றார். எதை ஆரம்பித்தாலும் அந்தப் பிரெஞ்சு 'அலோர்' இல்லாமல் அவருக்கு ஆரம்பிக்க வராது.

விஷயம் இதுதான். பஸ் ஸ்டாண்டுக்கும் அரியாங்குப்பத்துக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர டெம்போக்களில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். முப்பது ஓட்டுநர்கள் நண்டுக்காலுக்குப் பழக்கம். வெளியீட்டுக்குத் தேர்ந்தெடுத்த பாட்டை முப்பது வண்டியிலும் போடுவார்கள். ஒரு வாரத்தில் பாதி ஊருக்கு அந்தப் பாட்டு தெரிந்துவிடும். அதற்கு முன்னால் எந்தப் பாட்டு என்று முடிவு செய்வதும் டெம்போவில்தான். ஒரு நடை ஒரு பாட்டு, திரும்பும் நடை இன்னொரு பாட்டு. செலின் அக்கா மூலையில் உட்கார்ந்து, யார் பாட்டின் பெயர் கேட்டார்கள், யார் சத்தம் கூட்டச் சொன்னார்கள், யார் மாற்றச் சொன்னார்கள் என்று அட்டையில் கோடு போடுவார். பாடினவர் கூடவே வர வேண்டும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. தன் பாட்டு என்று காட்டிக்கொண்டால் பரீட்சை செல்லாது.

"வாயத் தொறக்காம இருக்கிறது எனக்குக் கஷ்டம்க்கா" என்றேன்.

"தெரியும். அதான் உன்ன நடுவுல உக்கார வெக்கிறேன்."

ஓட்டுநர் ஏழுமலை அண்ணன் நல்ல கனத்த ஆள், காதில் பூ வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு தச்சர், குழந்தையோடு ஒரு தம்பதி. ரம்புத்தான் ஆரம்பித்ததுமே குழந்தை கையை ஆட்டியது. முதலியார்பேட்டை தாண்டுவதற்குள் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "அண்ணா, இது இன்னா பாட்டு? சூப்பரா இருக்கு, சவுண்டு வைங்க" என்றாள். தச்சர் உளிப்பையில் தாளம் தட்டினார். செலின் அக்காவின் பென்சில் ஓயவே இல்லை. பாட்டு நான்கு தடவை ஓடியது, நான்கு தடவையும் வண்டியே ஆடியது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். விழுகிற ஒவ்வொரு கோட்டையும் 'கம்பெனி பஸ்'ஸுக்கு எதிராக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரியாங்குப்பத்தில் வண்டி திரும்பியது. இப்போது 'கம்பெனி பஸ்'. ஏறினவர்கள் எட்டுப் பேர். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பெரியவரும் அவர் மகளும், கோப்புகளோடு ஓர் அரசு ஊழியர், இரண்டு கொத்தனார்கள், இன்னும் இரண்டு பேர். கடைசியாக ஒரு மீன்கார அம்மாள், ஓர் அன்னக்கூடை நிறைய மீனோடு. தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பெரிய படகுகள் கடலுக்குப் போவதில்லை. சின்னப் படகில் வந்த கொஞ்சம் மீன்தான், கானாங்கத்தை. நாங்கள் கெம்போங் என்போம். ஐஸ் தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.

பாட்டு ஆரம்பித்தது.

முதல் படியில் மணியக்கா, கையில் காலி டிபன் டப்பா.
அடுத்த படியில் கத்திஜா, தோளில் தூங்கும் துப்பட்டா.
அம்மா எங்கே, அம்மா எங்கே, பஸ்ஸு நகருதே.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாளம் இல்லை, தலையாட்டல் இல்லை. அரசு ஊழியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கொத்தனார் கையில் வைத்திருந்த பீடியைப் பற்றவைக்காமலே வைத்திருந்தார். பாலம் வந்தது, போனது. செலின் அக்காவின் பென்சில் அப்படியே நின்றது. ஒரு கோடு கூட இல்லை. போச்சு, ஆறு வருடம் போச்சு என்று எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மக்களுக்கு இதயமே இல்லையா என்று கோபமும் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் அழுகைக்கு முன்னால் வந்து நிற்கும்.

பாட்டு முடிந்தது.  மீன்கார அம்மாள் எழுந்து நின்று, தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு, கத்தினார்.

"யோவ்! முருங்கப்பாக்கம் எங்கய்யா?"

ஏழுமலை அண்ணன் சடாரென்று பிரேக் போட்டார். மரப்பாலம் வந்திருந்தது. அந்த அம்மாள் இறங்க வேண்டிய முருங்கப்பாக்கம் எப்போதோ பின்னால் போய்விட்டது. கொத்தனார்களும் அங்கேதான் இறங்க வேண்டியவர்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை, ஓட்டுநரும் நிறுத்தவில்லை.

"ஸ்டாப்பிங்ல நிறுத்தத் தெரியாதா? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"நீ சொல்லணும்மா, எறங்கணும்னு!"

"எப்பிடிய்யா சொல்றது? பஸ்ஸுல எல்லாரும் எறங்குறாங்க, அந்தப் புள்ள அங்க நிக்குது, அவ அம்மாவ காணோம். நான் அதப் பாக்கறதா, முருங்கப்பாக்கத்தப் பாக்கறதா? கடைசில அவ எறங்குனாளா இல்லியானு சொல்லாமலே வுட்டுட்டாளுங்க. எவடி இதப் பாடுனது?"

செலின் அக்கா என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். வாயைத் திறக்கக் கூடாது. சட்டம்.

"நான்தான்க்கா" என்றேன்.

வண்டியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர் கூட. மீன்கார அம்மாள் என்னை மேலிருந்து கீழே அளந்துவிட்டு, அன்னக்கூடையின் ஒரு காதை என் பக்கம் தள்ளினார். "அப்ப புடி."

முருங்கப்பாக்கம் வரை வெயிலில் திரும்பி நடந்தோம். ஆளுக்கு ஒரு காது. ஐஸ் தண்ணீர் என் காற்சட்டையெல்லாம். துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன் என்று பெயர், நான் அதுவரை ஒரு மீனைக் கூடத் தூக்கியதில்லை. அவர் பெயர் அஞ்சலாட்சி, ஊர் வீராம்பட்டினம். வழியெல்லாம் ஒரே கேள்விதான்.

"எறங்குனாளா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல."

"எறங்கினாங்கக்கா. பஸ்ஸில தூங்கிட்டாங்களாம். பஸ் ஒரு சுத்து சுத்தி மறுபடி வந்தப்ப எறங்கினாங்க. ஒரு மணி நேரம் அங்கயே நின்னேன். எனக்கு அப்ப ஏழு வயசு."

அஞ்சலாட்சி நின்றுவிட்டார். கூடை ஒரு பக்கம் சாய்ந்து இரண்டு கானாங்கத்தை ரோட்டில் விழுந்தன.

"எறங்கிட்டாளா! அப்ப ஏண்டி அத்தப் பாட்டுல சொல்லல? கேக்கறவ வயிறு என்னா ஆவும்னு யோசிச்சியா?"

சொல்லாமல் விட்டால்தான் பாட்டு மனதில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். முடிவைச் சொல்லாதது எனக்கு மிகப் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டிருந்தது. இதை அஞ்சலாட்சியிடம் விளக்க வாயெடுத்தேன். அவர் குனிந்து மீனைத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கத்தை விட்டுவிட்டு நானும் குனிந்து மற்ற மீனை எடுத்தேன்.

அன்று மாலை செலின் அக்கா வீட்டில் சாப்பாடு. மெல்லிய தாளில் இறாலும் கறியும் சுருட்டிப் பொரித்த ஒரு பண்டம் செய்திருந்தார். அவர் குடும்பத்தில் யாரோ சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுக் கொண்டு வந்த சமையலாம். "இது எங்க ஊர் பொப்பியாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி!" என்று நான் கத்திய கத்தலில் பாபு முதல் முறையாகச் சிரித்தார். எட்டு தின்றேன். ஒன்பதாவதைக் கையில் எடுத்தபோது ஏழுமலை அண்ணன் வந்து வாசலில் நின்றார். உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பஸ் பாட்ட வண்டில போட மாட்டேன். ஸ்டாண்டுலயும் சொல்லிட்டேன், யாரும் போட மாட்டாங்க. நானே ரோட்ட மறந்துட்டேன்க்கா, பொய் சொல்லக் கூடாது. நாளைக்கு எதுனா ஆச்சுனா?"

செலின் அக்கா அட்டையை மேசையில் வைத்தார். ரம்புத்தானுக்குப் பதினான்கு கோடு. கம்பெனி பஸ்ஸுக்குக் கோடே இல்லை, ஓரத்தில் பென்சிலால் 'மூணு பேர் ஸ்டாப்பிங் விட்டாங்க' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"அலோர். ரம்புத்தானா இருந்தா முப்பது வண்டி நம்ம கையில. பஸ் பாட்டா இருந்தா ஒரு வண்டி இல்ல. நீயே சொல்லு" என்றார் என்னிடம்.

பொப்பியாவின் தங்கையைத் தட்டில் வைத்தேன். ரம்புத்தான் வெளியே வந்தால் இனி ஆயுசுக்கும் நான் ரம்புத்தான் ராணிதான். அடுத்த வருடமும் இன்னொரு துள்ளல் பாட்டுத்தான் கேட்பார்கள். கல்யாண மேடையில் பிரியாணி வரிசைக்குப் பாடினவள், வேறொரு வரிசைக்குப் பாடப் போகிறேன். அதை அப்படியே, சத்தமாகவே சொன்னேன். சொல்லும்போது மேசையையும் தட்டிவிட்டேன் போலிருக்கிறது, தண்ணீர் செம்பு உருண்டது.

செலின் அக்கா தண்ணீரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த மீன்காரம்மா ஒரு கேள்வி கேட்டாங்களே, அதுக்குப் பதில் இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு. பாட்டுல இல்ல."

"அப்ப பாட்டு இன்னும் முடியல. முடிக்காத பாட்ட நான் எப்பிடி வெளியிடுறது, எப்பிடி ஒதுக்குறது? நாளைக்கு மதியம் மில்லு நிக்கும். எழுதிகினு வா. பாபு இருப்பான். முடிச்சுட்டு வேற எங்கனா போட்டுப் பாக்கலாம். அங்கயும் கோடு விழலைனா ரம்புத்தான். அதுக்கு மேல பேச்சு இல்ல."

ஆறு வருடம் எழுதின பாட்டுக்கு ஒரு இரவும் ஒரு காலையும். நியாயமா என்று கேட்கலாம். எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஒரு முழு நிறுவனம், இரண்டே பேர் கொண்ட நிறுவனம்தான், என் ஒரு சரணத்துக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

நான்காம் நாள் காலை கடற்கரையோரம் உட்கார்ந்து எழுதினேன். நடக்க வந்தவர்களில் இரண்டு பேர் பின்னால் நின்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ஏதோ பரீட்ச போல, பாவம்." உண்மைதான். பத்து மணிக்கு வந்துவிட்டது, வெறும் இரண்டு வரி.

ரெண்டாம் சுத்து வந்த பஸ்ஸில் அம்மா எறங்குனா,
கண்ணைக் கசக்கி என்னைப் பார்த்துக் கையை நீட்டுனா.

அவ்வளவுதான். மதியம் பாபு நான்கே தடவையில் பதிவு செய்துவிட்டார். அன்று இரவுக்குள் கலந்து முடித்து, ஒலிபெருக்கிப் பெட்டியில் ஏற்றியும் கொடுத்தார்.

டெம்போ இல்லை என்றால் வேறு எங்கே? அதற்கு வழி சொன்னதும் அஞ்சலாட்சிதான். செலின் அக்கா அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். "எங்க ஊருக்கு எடுத்துட்டு வாங்க. தடைக்காலம், எல்லாரும் வலைக்கூடத்துல ஒக்காந்து வல பின்றாங்க. எறங்கற ஸ்டாப்பிங் எதுவும் கெடையாது. ஊர்ப் பஞ்சாயத்துல நான் சொல்லிக்கிறேன்" என்றாராம்.

ஐந்தாம் நாள் காலை வீராம்பட்டினம் போனோம். ஆட்டோ மணலில் புதைந்து, இறங்கித் தள்ளி, செலின் அக்காவின் செருப்பு அறுந்து, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். தூண் வைத்த நீளமான கூடம், சுவர் கிடையாது. பச்சை வலை குவியல் குவியலாக. கால் கட்டை விரலில் வலையை மாட்டிக்கொண்டு நாற்பது பேர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாடினவள் யார் என்று சொல்லக் கூடாது என்ற சட்டம் இங்கே ஆரம்பிக்கும் முன்பே செத்துப்போனது. அஞ்சலாட்சி நடுவில் நின்று அறிவித்துவிட்டார்.

"இந்தாங்க, இவதான். மலேசியாலருந்து வந்துகீறா. நான் சொன்னேன் இல்ல, பஸ்ஸுல அவ அம்மா எறங்குனாளா இல்லியானு, அத்த இன்னிக்குப் பாடிச் சொல்லப்போறா."

"நீ தான் நேத்தே சொல்லிட்டியே, எறங்கிட்டானு" என்றார் ஒருவர்.

"நான் சொன்னா ஆச்சா? அவ பாடட்டும்."

பாபு பெட்டியைப் போட்டார். அலைச் சத்தத்துக்கும் காற்றுக்கும் முன்னால் அது கொசு ரீங்காரம்தான். இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு மட்டும் சொல்ற மாதிரி" என்றார்.

பாடினேன். வாத்தியம் இல்லை, ஒலிவாங்கி இல்லை. மணியக்கா இறங்கினாள், கத்திஜா இறங்கினாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, கை எல்லாம் வலையில். டெம்போவில் இருந்த அதே மௌனம். இந்த முறை எனக்கு அதைப் பார்த்துக் கோபம் வரவில்லை. கதவு மூடுது என்ற வரி வந்தது. ஓர் ஊசி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. கூடம் முழுக்க ஊசிகள் நின்றுவிட்டன. புது வரியை எடுத்தேன். 'அம்மா எறங்குனா' என்று முடிப்பதற்குள் ஒரு மூலையிலிருந்து ஒரு குரல், "எறங்கிட்டாப்பா!" என்றது. அந்தப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள், "எறங்கிட்டாடி, எறங்கிட்டா!" என்று கத்தினார்கள். முடிவு தெரிந்திருந்த அஞ்சலாட்சிதான் எல்லாரையும் விட அதிகமாகக் கத்தினார்.  பதினைந்து வருடத்தில் யாரும் என் பாட்டுக்கு நடுவில் பதில் சொன்னதில்லை.

செலின் அக்கா அட்டையில் கோடு எதுவும் போடவில்லை. பாபுவைத் திரும்பிப் பார்த்தார். அவர் எப்போது கைப்பதிவுக் கருவியை எடுத்தார் என்று தெரியாது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பதிஞ்சுதா?"

"எல்லாம். அலை, இவங்க கத்துனது, எல்லாம்."

"இதான் பாட்டு. மெத்தைக்குள்ள எடுத்தது வேணாம். இதத்தான் வெளியிடுறோம். டெம்போ இல்லனா பரவால்ல. இந்தக் கரை நெடுக எத்தன வலைக்கூடம் இருக்குது, ஒண்ணொண்ணாப் போவோம்" என்றார் செலின் அக்கா. அறுந்த செருப்போடு மணலில் ஒரு காலில் நின்றுகொண்டு சொன்னார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அவரும் ஒற்றைக் காலில் குதித்தார்.

அந்த நிமிடமே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். கிள்ளானில் அப்போது மதியம் ஆகியிருக்கும். பாட்டு எழுதுகிறேன் என்று தெரியும், எதைப் பற்றி என்று ஆறு வருடமாக நான் சொன்னதில்லை. அழைத்து, கைத்தொலைபேசியைச் சத்தமாக வைத்து, பாபு பதிவு செய்ததை அப்படியே போட்டுக் காட்டினேன். அஞ்சலாட்சியும் நான்கைந்து பெண்களும் என்னைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். பாட்டு முடிந்து, கத்தல் முடிந்து, அலைச் சத்தம் முடிந்த பிறகும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"அம்மா? இருக்கியா? எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு நான் தூங்கலடி."

"என்னம்மா சொல்ற?"

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சிம்பாங்குல நீ நிக்கிறது கண்ணாடி வழியா நல்லாத் தெரிஞ்சுச்சு. எறங்கினா ஆக்கணும், தொவைக்கணும், உன்னை ஸ்கூலுக்கு அனுப்பணும், உங்கப்பாகூட மல்லுக்கட்டணும். பஸ்ஸில ஏர்கோன் வேற போட்டிருந்தான். எறங்க மனசு வரல. அப்படியே உக்காந்துட்டேன். எங்க போகுதோ போகட்டும்னு."

 ஏழு வயதுக்காரி ஒருத்தி எனக்குள்ளிருந்து ஆத்திரத்தோடு எழுந்தாள். எனக்குப் பக்கத்தில் அஞ்சலாட்சி மெதுவாகத் தலையை ஆட்டினார், நன்றாகத் தெரிந்த யாரோ பேசுவதைக் கேட்பது போல.

"அப்புறம் ஏம்மா எறங்குன?"

"ரெண்டாவது சுத்துலயும் நீ அங்கயேதான நின்ன."